கோவலன் பொட்டல்: காப்பிய அழகு மதிப்பீடும் இட நினைவும்

ஆய்வுச் சுருக்கம்

மதுரை மாநகரின் தென்மேற்கில் அமைந்த பழங்காநத்தத்தில் ‘கோவலன் பொட்டல்’ என்னும் இடம் உள்ளது. சிலப்பதிகாரத் தலைவன் கோவலன் கொலையுண்ட இடம் இதுவே என்பது ஊர்வழக்கு. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளும் கறுப்பு சிவப்பு மட்கலன்களும் வெளிப்பட்டன. ஆயினும் இவ்விடத்தைப் பற்றிய பொது நினைவில் நிலைத்திருப்பது கோவலனின் ஒரு மரணமேயன்றித் தாழிகளில் அடக்கம் செய்யப்பட்டோர் அல்லர். ஒரு கலைப்படைப்பை அழகியது என மதிப்பிடுதல் எதை நினைவில் நிறுத்துகிறது, எதை நினைவிலிருந்து நழுவவிடுகிறது என்னும் வினாவை இவ்விடத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பழங்காநத்தம், கோவலன் பொட்டல், சிலப்பதிகாரம், அழகு மதிப்பீடு, இட நினைவு, முதுமக்கள் தாழி

முன்னுரை

மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் அமைந்திருப்பது பழங்காநத்தம். இன்று இது மதுரை மாநகராட்சிக்கு உட்பட்ட, மக்கள் நெருங்கி வாழும் பகுதி. ‘நத்தம்’ என்னும் சொல் குடியிருப்பு நிலத்தைக் குறிப்பது. வருவாய்த்துறைப் பதிவுகளில் இன்றும் அப்பொருளிலேயே வழங்குவது. ‘பொட்டல்’ என்பதோ பயிரும் குடியும் அற்ற வெற்று நிலத்தைக் குறிப்பது. ஆகவே ஊர்ப்பெயரும் அவ்வூரில் உள்ள ஓர் இடத்தின் பெயரும் வாழும் நிலம், வாழாத நிலம் என்னும் இரு பொருள்களைத் தருகின்றன. வாழாத நிலத்தின் பெயரோடு கோவலன் பெயர் இணைந்துள்ளது.

இப்பெயர் எப்போது தோன்றியது என்பது இக்கட்டுரையின் வினா அன்று. பெயர் செய்யும் பணி யாது என்பதே வினா. ஓர் இடத்தில் எண்ணற்ற நிகழ்வுகள் நடந்திருக்க, அவற்றுள் ஒன்றை மட்டும் பெயர் தேர்ந்தெடுக்கிறது. அத்தேர்வுக்கும் சிலப்பதிகாரத்தின்மீது தமிழ்ச் சமூகம் வழங்கிய அழகு மதிப்பீட்டிற்கும் உள்ள உறவை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். காப்பியத்தின் அழகு மதிப்பீடு அவ்விடத்தைப் பற்றிய நினைவை வலுப்படுத்தியது. அதே மதிப்பீடு அந்நினைவைக் குறுக்கவும் செய்தது என்பது கருதுகோள்.

1. மதிப்பிடுதலும் நினைவிற்கொள்ளுதலும்

நினைவைப் பற்றிய இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகளுள் இரண்டு இங்குப் பயன்படுவன. முதலாவது உளவியல் சார்ந்தது. பெர்கஸ் கிரெய்க், ராபர்ட் லாக்கார்ட் ஆகியோர் 1972இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரு பொருள் நினைவில் நிற்பது அதனை மனம் எவ்வளவு ஆழமாகக் கையாண்டது என்பதைப் பொறுத்தது. 1975இல் கிரெய்க்கும் எண்டெல் டல்விங்கும் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சொல்லின் எழுத்து வடிவை மட்டும் நோக்கியவர்களைவிட அதன் பொருளை எடைபோட்டவர்களே அச்சொல்லை மிகுதியாக நினைவுகூர்ந்தனர். மதிப்பிடுதல் நினைவுக்குப் பின்னர் நிகழ்வது மட்டுமன்று. நினைவை உருவாக்கும் செயலும் ஆகும் என்பது இதனால் பெறப்படும்.

இரண்டாவது சமூகவியல் சார்ந்தது. மொரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1941இல் வெளியிட்ட நூலில், பாலஸ்தீனத்திலுள்ள கிறித்தவப் புனித இடங்கள் எவ்வாறு அடையாளம் காணப்பட்டன என்பதை ஆராய்ந்தார். நற்செய்தி நூல்களை ஏற்றுக்கொண்ட சமூகம் அந்நூல்களின் நிகழ்வுகளை நிலத்தின்மீது பொருத்திக்கொண்டது. சில நிகழ்வுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களும் அமைந்தன என அவர் விளக்கினார். நிலத்தில் நடந்தது நூலாவது ஒரு திசை. நூலில் உள்ளது நிலமாவது மற்றொரு திசை. கோவலன் பொட்டலை ஆராய்வதற்கு இவ்விரண்டாம் திசை ஏற்றதாக உள்ளது.

தனிமனித நினைவு பற்றிய சோதனையை ஒரு சமூகத்தின் நினைவுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. ஆயினும் ஒன்றை ஒப்புநோக்கலாம். ஒரு சமூகம் எதனை எடைபோட்டுப் பேசுகிறதோ, கற்பிக்கிறதோ, விழா எடுக்கிறதோ அது நிலைபெறுகிறது. எடைபோடப்படாதது நிலத்திலேயே இருந்தாலும் நினைவில் இருப்பதில்லை.

2. காப்பியத்திற்குள் தோற்ற மதிப்பீடு

கோவலனின் மரணமே தோற்றத்தை மதிப்பிடுதல் பற்றிய ஒரு விவாதத்தின் முடிவில் நிகழ்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலர்களை அழைத்துவந்து கோவலனைக் காட்டுகிறான். அவனைக் கண்ட காவலர் உடனே வாளை உருவவில்லை. இலக்கணம் பொருந்திய இவன் கொலை செய்யத்தக்க கள்வன் அல்லன் என்கின்றனர். அழகிய தோற்றம் குற்றமின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பொற்கொல்லன் இதனை மறுத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வர்க்குத் துணை எனக் கூறித் தோற்றத்தை நம்புதல் தகாது என வாதிடுகிறான். காவலருள் ஒருவன் தான் கண்ட கள்வன் ஒருவனின் திறத்தை எடுத்துரைக்கிறான். விவாதம் முடிவதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை எறிகிறான்.

வழக்குரை காதையிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் வேறுபடுத்த இயலாதவை. வேறுபாடு உள்ளிருக்கும் பரலில் உள்ளது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைக்கப்பட்ட பின்னரே உண்மை வெளிப்படுகிறது.

இவ்விரு பகுதிகளையும் இணைத்து நோக்கும்போது, அழகிய தோற்றம் ஓரிடத்தில் சரியான சான்றாகவும் மற்றோரிடத்தில் போதாத சான்றாகவும் அமைவது புலனாகிறது. கோவலனின் தோற்றம் உண்மையைச் சொன்னது, ஆனால் ஏற்கப்படவில்லை. சிலம்பின் தோற்றம் உண்மையைச் சொல்லவில்லை, ஆனால் ஏற்கப்பட்டது. அழகு மதிப்பீட்டை முற்றாக நம்புதலும் முற்றாகத் தள்ளுதலும் தவறு என்னும் நிலைப்பாட்டைக் காப்பியமே கொண்டிருக்கிறது எனலாம்.

3. காப்பிய நிலவியலும் ஊர் நிலவியலும்

காப்பியம் தரும் இடக்குறிப்புகளைப் பழங்காநத்தத்தோடு ஒப்பிடுதல் அடுத்த படியாகும். புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மரப்புணையில் வையையைக் கடந்து தென்கரையை அடைகின்றனர். பின்னர் மாதரியின் அடைக்கலத்தில் ஆயர் குடியிருப்பில் தங்குகின்றனர். அங்கிருந்து சிலம்போடு புறப்பட்ட கோவலன் பீடிகைத் தெருவில், அதாவது கடைத்தெருவில், பொற்கொல்லனைச் சந்திக்கிறான். பொற்கொல்லன் தன் சிறுமனையின் அருகிலுள்ள தேவகோட்டத்தில் அவனை இருக்கச் செய்கிறான். காவலர் வருவதும் வாள் பாய்வதும் அங்கேதான்.

இக்குறிப்புகளின்படி கொலை நடந்த இடம் வெற்று நிலம் அன்று. கடைத்தெருவை அடுத்து, மனையும் கோட்டமும் உள்ள பகுதி. காதையின் தலைப்பு ‘கொலைக்களம்’ என்று அமைந்திருப்பினும், அதனுள் விவரிக்கப்படுவது ஊருக்குப் புறம்பான கொலைக்களம் அன்று. ‘பொட்டல்’ என்னும் ஊர்வழக்கு காப்பிய வருணனையைக் காட்டிலும் காதைத் தலைப்பு எழுப்பும் காட்சிக்கே நெருக்கமானது. தண்டனை ஊருக்கு வெளியே வெட்டவெளியில் நிறைவேற்றப்படும் என்னும் பொதுமக்கள் எண்ணமும் இதனுடன் சேர்ந்திருக்கலாம்.

மதுரைப் பகுதியில் இக்கதையோடு இணைத்துச் சொல்லப்படும் வேறு இடங்களும் உள்ளன. அழகர்கோயில் சாலையிலுள்ள கடச்சனேந்தல் என்னும் ஊரின் பெயரைச் சிலம்போடு தொடர்புபடுத்தி, கண்ணகி தங்கிய இடம் அதுவே எனக் கூறும் வழக்கு உண்டு. சிம்மக்கல் பகுதியிலுள்ள செல்லத்தம்மன் கோயிலும் கண்ணகியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. கடச்சனேந்தல் வையையின் வடபால் அமைந்தது; காப்பியமோ அடைக்கலம் புகுந்த இடத்தைத் தென்கரைக்குப் பின்னரே வைக்கிறது. ஆகவே இவ்விடங்கள் அனைத்தையும் ஒரே நிலப்படத்தில் காப்பியத்திற்கு முரண்படாமல் பொருத்துதல் அரிது. ஹால்ப்வாக்ஸ் பாலஸ்தீனத்தில் கண்டதைப் போன்றே, ஒவ்வொரு வட்டாரமும் கதையின் ஒரு பகுதியைத் தன் நிலத்தில் ஏற்றுக்கொண்டுள்ளது.

பழைய மதுரை இன்றைய மதுரை இருக்குமிடத்திலேயே இருந்ததா என்பதும் ஆய்வாளரிடையே விவாதத்திற்குரியது. திருமுருகாற்றுப்படை பரங்குன்றத்தைக் கூடலின் மேற்கே வைக்கிறது. இன்று அக்குன்றம் நகரின் தென்மேற்கில் உள்ளது. இவ்வேறுபாட்டைக் கொண்டு நகரின் பழைய இருப்பிடம் பற்றிப் பல கருத்துகள் முன்வைக்கப்பட்டுள்ளன. இந்நிலையில் கோவலன் பொட்டலைக் காப்பிய நிகழ்வின் இடமாக மெய்ப்பிக்கவோ மறுக்கவோ முயலுதல் பயன் தராது. அவ்வாறு நம்பப்பட்டமையே வரலாற்றுச் செய்தியாகும்.

மற்றொரு செய்தியும் இங்கு நோக்கத்தக்கது. காப்பியம் நினைவுக்கல் எடுப்பது கண்ணகிக்கே. வஞ்சிக்காண்டத்தின் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து ஆகிய காதைகள் தொல்காப்பியம் கூறும் நடுகல் மரபை ஒட்டி அமைந்து, சேரநாட்டில் கண்ணகிக்குக் கோட்டம் எழுந்ததைப் பாடுகின்றன. கோவலனுக்குக் காப்பியத்தில் கல் இல்லை. அவனுக்குக் கிடைத்த நினைவுச்சின்னம் இப்பொட்டலின் பெயர் ஒன்றே எனலாம். நூல் தராத நினைவிடத்தை ஊர் தந்திருக்கிறது.

4. கேட்கப்பட்ட கதையும் போற்றப்பட்ட காப்பியமும்

சிலப்பதிகாரம் தமிழின் பேரழகு வாய்ந்த படைப்பு என்னும் மதிப்பீடு எக்காலத்தும் ஒரே அளவில் நிலவியதன்று. அடியார்க்குநல்லார் உரை இடைக்காலப் புலமை மரபில் இக்காப்பியம் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது. இசை, கூத்து நுணுக்கங்களை விளக்க அவர் எடுத்தாளும் நூல்கள் பல இன்று கிடைப்பதில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை வேறு. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், உ. வே. சாமிநாதையரிடம் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என வினவிய நிகழ்ச்சி பலரும் அறிந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ஒருவரே அந்நூல்களைக் கண்டிராத காலம் அது. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இல் வெளிவந்தது.

அக்காலத்தில் கோவலன் மறக்கப்பட்டிருந்தானா எனில் இல்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கோவலன் கதை பெரிய எழுத்துப் பதிப்புகளாக மக்களிடையே வழங்கியது. சங்கரதாச சுவாமிகளின் ‘கோவலன்’ நாடகம் மேடைகளில் நடிக்கப்பட்டது. அவர் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நிறுவியது மதுரையிலேயே. இக்கதைப்பாடலும் நாடகமும் இளங்கோவின் காப்பியத்தோடு பல இடங்களில் வேறுபடுவன. காப்பியம் புலவர் கையிலிருந்து நழுவியிருந்த காலத்திலும் கதை மக்கள் நாவில் இருந்தது. கோவலன் பெயர் ஊர்களில் நிலைத்தமைக்கு இவ்வாய்மொழி, மேடை மரபுகள் பெருங்காரணமாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

இலங்கையின் கிழக்குப் பகுதி இதற்கு வலுவான ஒப்புமை தருகிறது. மட்டக்களப்பு வட்டாரத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் கண்ணகி வழக்குரை பாடப்பெற்றுக் குளிர்த்திச் சடங்கு நிகழ்கிறது. அங்குக் கதையை நினைவில் நிறுத்துவது நூலின் அழகு பற்றிய தீர்ப்பு அன்று; கோடையின் வெம்மையும் நோயும் தணிய வேண்டும் என்னும் வேண்டுதலும் ஆண்டுதோறும் திரும்பும் சடங்கும் ஆகும். அழகு மதிப்பீடு இல்லாமலும் நினைவு நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

இருபதாம் நூற்றாண்டில் மதுரையிலும் தமிழகம் முழுவதிலும் நேர்ந்த மாற்றம் இதற்கு வேறானது. பாரதியார் இக்காப்பியத்தின் கவர்ச்சியைப் பாடலில் புகழ்ந்தார். ம. பொ. சிவஞானம் மேடைதோறும் இதனை விளக்கிச் ‘சிலம்புச் செல்வர்’ எனப் பெயர்பெற்றார். வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939இல் வெளிவந்தது. ‘கண்ணகி’ (1942), ‘பூம்புகார்’ (1964) ஆகிய திரைப்படங்கள் கதையைத் திரையரங்குகளுக்குக் கொண்டுசென்றன. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகி சிலை நிறுவப்பட்டது. 1973இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. கடற்கரைச் சிலை 2001இல் அகற்றப்பட்டதும் 2006இல் மீண்டும் நிறுவப்பட்டதும் அரசியல் விவாதங்களாயின. பெரியார் இக்காப்பியத்தைக் கடுமையாகச் சாடினார். ஆனால் போற்றியோரும் சாடியோரும் எடைபோட்டது ஒரே பிரதியைத்தான். கோவலன் கதையும் நாடக மேடையின் கோவலனும் அவ்விவாதத்தில் பெரிதும் இடம்பெறவில்லை.

இதன் விளைவைப் பழங்காநத்தத்திற்குப் பொருத்திக் கூறலாம். பொட்டலின் பெயர் எவ்வழியில் தோன்றியிருப்பினும், இன்று அதனைக் கேட்பவர் எண்ணுவது பாடநூலில் படித்த சிலப்பதிகாரத்தையே. ஊர் தன் வாயால் சொல்லிய கதை, காப்பியத்தின் அடிக்குறிப்பாக மாறிவிட்டது. அழகு மதிப்பீடு நினைவை வலுப்படுத்தும்போது அதன் மூலத்தையும் மாற்றியமைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

5. மண்ணுக்குள் இருந்தோர்

1980களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை இப்பொட்டலில் அகழ்ந்தபோது வெளிப்பட்டது ஓர் ஈமக்காடு. முதுமக்கள் தாழிகளும் கறுப்பு சிவப்பு மட்கலன்களும் கிடைத்தன. தாழி அடக்கம் இரும்புக்காலம் முதல் தொடக்க வரலாற்றுக்காலம் வரை தமிழகத்தில் பரவலாக இருந்த வழக்கம். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பரவை, அனுப்பானடி ஆகிய இடங்களில் தாழிகள் இருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே அலெக்சாண்டர் ரீ ஆய்ந்து வெளியிட்டுள்ளார். ஆகவே பழங்காநத்தத் தாழிகள் தனித்தவை அல்ல. வையைச் சமவெளியின் பெரும் ஈமமரபின் ஒரு பகுதி.

இக்கண்டுபிடிப்பு பொட்டலின் பெயரை மாற்றவில்லை. ஊர்வழக்கில் இவ்விடம் ஒருவன் இறந்த இடமாகவே தொடர்கிறது. பலர் அடக்கம் செய்யப்பட்ட இடமாக அறியப்படவில்லை. இதற்குக் காரணம் மக்களின் அறியாமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. தாழிகளைப் பற்றி எடைபோட்டுப் பேசுதற்குரிய சொற்களைப் பொதுவெளி வழங்கவில்லை என்பதே காரணம்.

தொல்லியலிலும் அழகு மதிப்பீடு நினைவைப் பங்கிட்டுள்ளது. ஆதிச்சநல்லூர் இதற்குத் தக்க சான்று. 1876இல் ஜெர்மானியரான ஜாகர் அங்கு அகழ்ந்து பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். பின்னர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், விலங்கு, பறவை உருவங்கள் அமைந்த வெண்கலக் கலங்களும் அருங்காட்சியகங்களில் இடம்பெற்று, நூல்களில் படங்களாகி, ஆதிச்சநல்லூரின் அடையாளமாயின. அப்பொருள்களைக் காத்து நின்ற தாழிகளும் அவற்றுள் இருந்த எலும்புகளும் நெடுங்காலம் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. பழங்காநத்தத்தில் பொன்னும் வெண்கலமும் ஈட்டித்தந்த புகழ் இல்லை. அங்குத் தாழிகளோடு போட்டியிட்டது மண்ணுக்கு மேலிருந்த காப்பியம்.

தாழி கலையன்று, ஆகவே அதனை அழகு மதிப்பீட்டிற்குள் கொண்டுவருதல் பொருந்தாது என ஒருவர் வாதிடலாம். தமிழ் இலக்கிய மரபு அவ்வாறு கருதவில்லை. புறநானூற்றின் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது தாழி வனையும் வேட்கோவனை விளித்து, அத்துணைப் பெரும்புகழ் உடையவனைக் கவிக்கும் தாழியை எவ்வாறு வனைவாய் என வினவுகிறார். 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தன்னையும் சேர்த்து அடக்கும் அளவுக்குத் தாழியை அகலமாக வனையுமாறு கலம் செய்வோனை வேண்டுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லியைப்போலத் தலைவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள் அவள்.

இப்பாடலின் பெண்ணும் கண்ணகியும் அருகருகே வைத்து எண்ணத்தக்கவர்கள். இருவரும் கணவனோடு நெடுவழி நடந்தவர்கள். இருவரும் அவனை அயல்நிலத்தில் இழந்தவர்கள். ஒருத்தி அரசனிடம் நீதி கேட்கிறாள்; மற்றவள் வேட்கோவனிடம் இடம் கேட்கிறாள். முதலாமவளின் பெயரால் காப்பியமும் சிலையும் கோயில்களும் உள்ளன. இரண்டாமவளுக்குப் பெயரே இல்லை. பழங்காநத்தத்து மண்ணில் கிடைத்த தாழிகள் இரண்டாமவளின் உலகத்திற்கு உரியவை.

இரட்டைக் காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையும் இதனை மறக்கவில்லை. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இறந்தோரைச் சுடுதல், வறிதே இடுதல், தோண்டிய குழியில் இடுதல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை வழக்கங்களை ஒரே இடுகாட்டில் காட்டுகிறது. ஆகவே பொட்டலின் தாழிகளுக்கும் காப்பிய இலக்கியத்திற்கும் பகையில்லை. இலக்கியம் தாழியை அறிந்திருந்தது. பிற்கால மதிப்பீடு சிலப்பதிகாரத்தின் தலைமக்களின் துயரை மட்டும் தேர்ந்து உயர்த்தியபோது, அதே மரபிலுள்ள இப்பகுதிகள் பின்னுக்குச் சென்றன.

6. கொந்தகை தரும் ஒப்பீடு

மதுரைக்குத் தென்கிழக்கே அமைந்த கீழடியில் 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2017-18 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. அதனை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் 2020 முதல் நடந்த அகழாய்வுகளில் தாழிகள் பல வெளிவந்தன. அங்குத் தாழிகள் பெற்ற கவனம் பழங்காநத்தத் தாழிகள் பெற்றதிலிருந்து முற்றிலும் வேறானது. தாழியின் உள்ளே இருந்த மண்ணும் எலும்பும் அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. கொந்தகை மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் மீட்டுருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியிடப்பட்டுப் பலராலும் பேசப்பட்டன. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் பெருந்திரளான மக்களை ஈர்க்கிறது.

இவ்வேறுபாட்டிற்குத் தொழில்நுட்ப வளர்ச்சி ஒரு காரணம். 1980களில் இத்தகைய வசதிகள் இல்லை. ஆனால் அதுவே முழுக் காரணமாகாது. கொந்தகையில் தாழிகளை மறைத்து நின்ற காப்பியப் பெயர் எதுவும் இல்லை. அங்கு அடக்கம் செய்யப்பட்டோர் யார், எங்கிருந்து வந்தனர், என்ன உண்டனர் என்னும் வினாக்கள் நேரடியாக எழுந்தன. பழங்காநத்தத்தில் இறந்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை முன்னரே இருந்தது. விடை இருந்தமையால் வினா எழவில்லை.

இதற்கு மறுதலையான ஒரு கருத்தையும் இங்கு எடைபோடுதல் வேண்டும். நகரம் விரிந்து சூழ்ந்த நிலையிலும் இவ்விடம் தனித்து அறியப்படுவதற்குக் கோவலன் பெயரே காரணம். அப்பெயர் இல்லையேல் தாழிகளும் அகழப்படாமலே கட்டடங்களின் கீழ் மறைந்திருக்கும் என ஒருவர் கூறலாம். இக்கருத்தில் வலு உண்டு. மதுரையைச் சுற்றிலும் பெயரற்ற பொட்டல்கள் பல மனைகளாகிவிட்டன. காப்பியத்தின்மீது கொண்ட மதிப்பு ஒரு நிலத்துண்டைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டியது. அதனாலேயே அதன் அடியில் இருந்ததும் ஒருமுறையேனும் வெளிச்சம் கண்டது. ஆகவே அழகு மதிப்பீட்டைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் முடிவன்று. அம்மதிப்பீடு காத்துத் தந்ததை அறிந்து, அது விட்டுவிட்டதை நிரப்புதலே செய்யத்தக்கது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்பட்ட முடிவுகள் பின்வருமாறு:

கோவலன் பொட்டல் என்னும் பெயர் சிலப்பதிகாரத்தின் இடக்குறிப்புகளை முழுமையாக ஒத்தமையவில்லை. காப்பியம் கூறும் கொலையிடம் கடைத்தெருவை அடுத்த தேவகோட்டம். ஊர்வழக்கு கூறுவது வெற்று நிலம். ஆகவே இது நூலிலிருந்து நேரே பெறப்பட்ட நினைவன்று. கதைகேட்ட மக்கள் தம் நிலத்தில் அமைத்துக்கொண்ட நினைவு எனக் கொள்ளலாம்.

1892ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பின்னர் வளர்ந்த அழகு மதிப்பீடு இந்நினைவுக்குப் புதிய வலிமை தந்தது. அதே வேளையில் கதைப்பாடல், நாடகம் ஆகியவற்றின் கோவலனைப் பின்தள்ளி, காப்பியக் கோவலனை மட்டும் நிலைநிறுத்தியது.

பொட்டலின் மண்ணில் கிடைத்த தாழிகள், அவற்றை எடைபோடும் பொதுச் சொல்லாடல் அமையாமையால், இட நினைவில் சேரவில்லை. ஆனால் தாழி பற்றிய மதிப்பீட்டிற்குரிய சொற்கள் புறநானூற்றிலும் மணிமேகலையிலும் முன்னரே உள்ளன. கொந்தகையின் அனுபவம் தாழிகளும் பொது நினைவில் இடம்பெற இயலும் என்பதைக் காட்டுகிறது.

இவற்றின் அடிப்படையில் இரு பணிகள் உடனடித் தேவையாகின்றன. பொட்டலில் கோவலன் கதையுடன் தாழிகளின் செய்தியையும் தமிழில் விளக்கும் பலகை அமைத்தல் ஒன்று. அப்பகுதி முதியோரிடம் கோவலன் பற்றி வழங்கும் வாய்மொழிச் செய்திகளை, அவை காப்பியத்தோடு முரண்படினும், முரண்பாட்டோடே பதிவுசெய்தல் மற்றொன்று. தோற்றத்தால் ஒத்த இரு சிலம்புகளுள் உண்மையை உரைத்தது உள்ளிருந்த பரல். பழங்காநத்தத்துப் பொட்டலின் பரல்கள் ஒருமுறை வெளியே வந்தும் இன்னும் வழக்கில் சேர்க்கப்படாமல் உள்ளன. அவற்றைச் சேர்த்து எண்ணும்போதுதான் அவ்விடத்தின் வரலாறு நிறைவுபெறும்.